பள்ளியில் கொடுத்த சைக்கிளை அம்மா ஓட்டுவதற்கு

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள், பிள்ளை கல்லூரிக்கோ வேலைக்கோ போனதும் பல வீடுகளில் அப்படியே நின்றுவிடுகிறது. மாடிப்படிக்குக் கீழே, இல்லையென்றால் மாட்டுக் கொட்டகை ஓரம், காற்று இறங்கி, செயின் துருவேறி நிற்கும். அதே வீட்டு அம்மா மெயின் ரோட்டில் பஸ் பிடிக்க இரண்டு மூன்று கிலோமீட்டர் நடப்பார். சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த பஸ் நிற்கும் இடம் வரை போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. அந்த இரண்டு கிலோமீட்டருக்கான வண்டி வீட்டிலேயே இருக்கிறது.

“இந்த வயசுல எனக்கு சைக்கிள் எங்க வரப்போகுது” என்று சொல்பவர்களிடம், முதலில் டேப்பை எடுத்து அந்த சைக்கிளை அளந்து பார்க்கச் சொல்வேன். பெரும்பாலானவர்களை பயமுறுத்துவது சீட்டின் உயரம்.

அளக்கும் முறை இது. வெறுங்காலோடு, சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தூக்கிப் பிடித்து, நோட்டின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது ஏறக்குறைய 67 முதல் 70 செ.மீ. வரும். இதை 0.88 ஆல் பெருக்குங்கள். 69 செ.மீ. என்றால் 61 செ.மீ. கிடைக்கும். இரண்டு பெடல் கட்டையும் சேர்ந்து சுற்றும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்கவேண்டிய தூரம் இதுதான். இந்த உயரத்தில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளும். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்போம் அல்லவா, அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். இதைவிடத் தாழ்வாக வைத்து நாள்தோறும் ஓட்டினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். உயர்த்தி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபக்கமும் ஆடும், இடுப்பு வலி வரும்.

இனி சைக்கிளை அளப்போம். பெண் பிள்ளைகளுக்கான சைக்கிள் பெரும்பாலும் 20 அங்குல ஃபிரேம். பெடல் அச்சிலிருந்து சீட் குழாயின் வாய்வரை 20 அங்குலம், அதாவது 51 செ.மீ. அதற்கு மேல் ஸ்பிரிங் வைத்த சீட்டும் கிளாம்பும் சேர்ந்து 9, 10 செ.மீ. ஏறும். ஆக, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் பில்லரை முழுவதும் உள்ளே இறக்கினாலும் சீட் 60 செ.மீ.-க்குக் கீழே வராது. 150 செ.மீ. அம்மா மிதித்துப் போக இது சரியான உயரம். கற்றுக்கொள்ள இது ஆகாது. பெடல் அச்சே தரையிலிருந்து ஏறத்தாழ 28 செ.மீ. மேலே இருப்பதால் சீட் தரையிலிருந்து 85 செ.மீ. அளவில் நிற்கும். அவர் கால் நீளமோ 69. சீட்டில் உட்கார்ந்தபடி கால் ஊன்றவே முடியாது. இந்த வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கற்றுக்கொடுத்தால் பயம்தான் முதலில் வரும்.

பையன்களுக்குக் கொடுக்கும் பார் வைத்த சைக்கிள் பெரும்பாலும் 22 அங்குலம். அதில் சீட் 65 செ.மீ.-க்குக் கீழே இறங்காது. கணக்குப்படி கால் நீளம் 74 செ.மீ. வேண்டும், உடல் உயரம் 160-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வீட்டில் இருப்பது அதுதான் என்றால், பெண் பிள்ளை வண்டி சும்மா நிற்கும் வீடு தெருவில் கட்டாயம் ஒன்று இருக்கும். கேட்டுப் பாருங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

அதனால் கற்றுக்கொள்ள ஒரு வண்டி, ஓட்ட ஒரு வண்டி. நாலாவது ஐந்தாவது படிக்கும் பிள்ளையின் 20 அங்குலச் சக்கர சைக்கிளை இரண்டு வாரம் இரவல் வாங்குங்கள். ஃபிரேம் அளவும் சக்கர அளவும் வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் சீட்டை இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும் அளவுக்கு இறக்குங்கள். சமதரையில் மெதுவாக உருட்டிப் பழக அது தாங்கும். உடல் எடை அதிகம் என்றால் 24 அங்குலச் சக்கரம் வைத்த வண்டி தேடுவது நல்லது.

பிறகு இரண்டு பெடலையும் கழற்றுங்கள். 15 நம்பர் ஸ்பேனர் போதும். வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் இடது பெடலைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கி மரையைச் சிதைப்பது அடிக்கடி நடக்கிறது. பெடல் இல்லாத வண்டியில் உட்கார்ந்து முதலில் நடக்க வேண்டும். அடுத்து இரண்டு காலாலும் உந்திவிட்டுக் கால்களைத் தூக்கி, வண்டி போகிற போக்கில் போகவிட வேண்டும். லேசான சரிவுள்ள மைதானம் இருந்தால் உத்தமம். கண் பத்தடி தள்ளிப் பார்க்க வேண்டும், முன்சக்கரத்தைப் பார்த்தால் சாயும். பிரேக் பிடித்து நிறுத்தவும் இந்தக் கட்டத்திலேயே பழக வேண்டும். கால் தூக்கியபடி பதினைந்து இருபது அடி தடுமாறாமல் போக வந்துவிட்டால் பேலன்ஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு பெடலை மாட்டினால் மிதிக்கக் கற்றுக்கொடுக்கவே தேவைப்படாது. சிறுவர்கள் பார் வண்டியில் குரங்குப் பெடல், அரைப் பெடல் என்று பழகுவார்கள், விழுந்தாலும் எழுந்து ஓடுவார்கள். நாற்பது வயதுக்காரரை அந்த வழியில் பழக்குவது கொடுமை. உதவிக்கு வருபவர் ஹேண்டில்பாரைப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் ஓட்டுபவரின் கைக்கு வண்டி சாய்வது தெரியாமல் போகும். பயம் அதிகமிருந்தால் தோளில் கை வைத்துக்கொண்டு கூட நடக்கலாம்.

பெரிய வண்டிக்கு மாறும்போது புதிதாகப் பழக வேண்டியது ஏறுவதும் இறங்குவதும். சீட்டில் உட்கார்ந்து கிளம்பக் கூடாது. பார் இல்லாத ஃபிரேமின் நடுவில் நின்றுகொண்டு, வலது பெடலை மணி இரண்டு காட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, அதை அழுத்தி மிதித்தபடியே எழும்பி சீட்டில் உட்கார வேண்டும். நிறுத்தும்போது இதற்கு நேர்மாறு. பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும் இடது பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் எடை வைத்து, சீட்டிலிருந்து முன்னால் இறங்கி வலது காலை ஊன்ற வேண்டும். கால் எட்டவில்லை என்ற பயம் இந்த ஒரு பழக்கத்தோடு போய்விடும். சீட் இன்னும் இரண்டு விரல் தாழ்ந்தால் தேவலை என்றால், ஸ்பிரிங் சீட்டைக் கழற்றிவிட்டு உயரம் குறைந்த சாதாரண சீட் போடுங்கள். மூன்று நாலு செ.மீ. குறையும்.

இனி நின்றுபோன வண்டியை உயிர்ப்பிப்பது. காற்று அடித்தும் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த வண்டிகளில் இருப்பது வால்வுக்குள் சிறிய ரப்பர் வால்டியூப் போட்ட பழைய முறை. வெயிலில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் மக்கி உதிர்ந்திருக்கும். சில்லறைக் காசில் முடிகிற வேலை, இரண்டு சக்கரத்துக்கும் மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நூல் தெரியும்படி வெடிப்பு இருந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும். வாங்கும்போது “26 இன்ச் டயர்” என்று மட்டும் சொன்னால் தவறான டயர் வந்து சேரும். இந்த வண்டிக்கு வேண்டியது 26 × 1 3/8, பக்கவாட்டில் 37-590 என்று போட்டிருக்கும். கியர் சைக்கிளுக்கு வரும் 26 × 1.95 டயரில் 559 என்றிருக்கும். இரண்டும் 26 என்றாலும் விட்டத்தில் 31 மி.மீ. வித்தியாசம், ஒன்றில் ஒன்று ஏறாது.

பெடல் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை டக் டக் என்று சத்தம் வந்தால் பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் கட்டையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அதை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் அச்சிலும் பள்ளம் விழுந்து செலவு இரட்டிப்பாகும். புதுப் பின்னைச் சுத்தியால் அடித்து இறக்க வேண்டும், கிராங்குக்கு அடியில் கனமான இரும்பு ஒன்றை அண்டை கொடுத்து அடிக்க வேண்டும். அண்டை இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ஸ் என்னும் சிறு இரும்புக் குண்டுகள் மீது இறங்கும். நட்டை இறுக்கியே பின்னை இழுத்துவிடலாம் என்று பார்ப்பார்கள், மரைதான் அறுந்துபோகும். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை அடித்து நட்டை இறுக்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி ஓவராயில் செய்யும்போது பால்ஸைப் பழசும் புதுசுமாகக் கலக்கக் கூடாது. வழக்கமாகப் பின் சக்கரத்தில் பக்கத்துக்கு 9 பால்ஸ், அளவு கால் அங்குலம். முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10 பால்ஸ், அளவு 3/16 அங்குலம். மாற்றினால் ஒரு பக்கத்தை முழுதாக மாற்ற வேண்டும். பழைய கிரீஸ் களிம்பாக இறுகியிருக்கும், மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். செயினை நடுவில் விரலால் தூக்கினால் ஒன்று, ஒன்றரை செ.மீ. ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கவரில் உரசும், கழலவும் செய்யும்.

பிரேக் கட்டை கல் மாதிரி இறுகியிருந்தால் மாற்றுங்கள். ராடு பிரேக்கில் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். கேபிள் பிரேக் என்றால் கைப்பிடி லீவரை விரல் எட்டுகிறதா பாருங்கள். சிறிய கை உள்ளவர்களுக்கு லீவர் தூரத்தில் நிற்கும், விரல் நுனியால் இழுத்தால் பலம் வராது. பல லீவர்களில் உள்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை உள்ளே திருகினால் லீவர் கைக்கு அருகில் வரும். அதற்கு ஏற்றபடி கேபிளை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். மழையில் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் வெகுவாகக் குறைந்துவிடும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்னாலேயே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும்.

செலவு செய்வதில் எது முதலில் என்று கேட்டால் என் பதில் ஃப்ரீவீல். பின்னால் இருக்கும் பல்சக்கரம் பெரும்பாலும் 18 பல், முன்னால் செயின்வீல் 44 பல். உங்கள் வண்டியில் எண்ணிப் பாருங்கள். 44-க்கு 18 என்றால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, வண்டி 5 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 18 கி.மீ. வேகம். பள்ளிப் பையன் மூச்சுப் பிடித்து மிதிக்க இது சரி. அரிசிப் பையைக் கேரியரில் வைத்துக்கொண்டு பாலத்தின் ஏற்றத்திலும் ஆடிக் காற்றிலும் போகிறவருக்குக் கனம். 22 பல் ஃப்ரீவீல் போட்டால் மிதிக்கு 4.1 மீட்டர், அதே மிதியில் வேகம் 15-ஐ ஒட்டி இருக்கும், கால் பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கழற்ற அதற்கென்று உள்ள புல்லர் வேண்டும், கடையில் செய்துவிடுவார்கள். நாலு பல் கூடுவதால் செயினில் ஒரு அங்குலம் தேவைப்படும். பின் அச்சை முன்னால் அரை அங்குலம் தள்ள இடம் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் உள் கண்ணி ஒன்றும் வெளிக் கண்ணி ஒன்றும் சேர்க்க வேண்டும். மூட்டு வலி உள்ள பலர் சைக்கிளை விட்டதற்கு இந்த 18 பல்லும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

உடை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துப்பட்டா கழுத்தைச் சுற்றி, முனை பின்னால் தொங்கினால் அது உயிருக்கு ஆபத்து. பின் சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் நிற்கும் முன்பே கழுத்தை இறுக்கிவிடும். இரண்டு முனையையும் இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். புடவை என்றால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி சற்றே தூக்கிக் கட்ட வேண்டும். செயினை முழுவதும் மூடும் கவர் இருக்க வேண்டும், அரைக் கவர் போதாது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் சேலை கார்டு போட வேண்டும். கடைகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் போட்டுத் தருவார்கள், காற்று மறுபக்கமிருந்தும் அடிக்கும். புர்கா அணிபவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். வேட்டி கட்டிய பெரியவர்களுக்கும் பார் இல்லாத வண்டி நல்லது. இடுப்பு மடங்காதவர்கள் காலைத் தூக்கிச் சுழற்றி ஏறும்போதுதான் விழுகிறார்கள். லேடீஸ் சைக்கிள் என்ற பெயருக்காக அதைத் தவிர்க்கும் ஆண்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

புதிதாகக் கடையில் வாங்குபவர்களிடம் முன்னால் ஷாக் அப்சார்பர், இரட்டை டிஸ்க் பிரேக், தடித்த டயர் வைத்த வண்டியைக் காட்டுவார்கள். மட்கார்டு இருக்காது, கேரியர் இருக்காது, செயின் திறந்து கிடக்கும். மலிவான ஷாக் அப்சார்பர் எடையைக் கூட்டுவதைத் தவிர ஊர்ச் சாலையில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. அதே பணத்துக்குப் பார் இல்லாத ஃபிரேமும் மட்கார்டும் முழுக் கவரும் கேரியரும் உள்ள வண்டி கிடைத்தால் அதுவே மேல்.

பெண்கள் பெரும் எண்ணிக்கையில் சைக்கிள் பழகியதற்கு இங்கேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார், சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்க வழி செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், கிராம செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பார் வண்டியையே எடுத்தார்கள், பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. எழுத்தறிவு வகுப்புக்குக் கூடிய பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து பழகியதால் கேலி பேசியவர்களை அவர்களால் தாண்டிப் போக முடிந்தது. தனியாக ஒருத்தி பழகுவதைவிட நாலு பேராகப் பழகுவது எளிது என்று நான் சொல்வதற்கு அதுவே ஆதாரம்.

இரண்டு சக்கரம் ஒத்துவராதவர்களை இந்தப் பேச்சில் விட்டுவிடக் கூடாது. பேலன்ஸ் குறைந்த பெரியவர்களுக்கு மூன்று சக்கர சைக்கிள் உண்டு. அதில் ஏறியதும் முதலில் குழம்புவது, வண்டி சாயாது என்பதால். திருப்பத்தில் உடம்பைச் சாய்க்காமல் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும், வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிவிடும். நம் ரோடுகள் இரண்டு ஓரத்துக்கும் சரிவாகப் போட்டவை, அதனால் வண்டி இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போகும். வண்டி கோளாறு என்று நினைக்க வேண்டாம், ஹேண்டிலை லேசாக வலப்பக்கம் பிடித்தபடி ஓட்டப் பழக வேண்டும். நிறுத்தியதும் பூட்டும் வசதியுள்ள பிரேக் அவசியம். மாற்றுத்திறனாளிகளின் கையால் சுற்றும் வண்டியில் பார்க்க வேண்டியது, கைப்பிடி மிகத் தூரத்தில் இருக்கும்போதும் முழங்கை சற்று மடங்கியிருக்கிறதா என்பது. கை விறைத்து நீள வேண்டியிருந்தால் சில மாதங்களில் தோள்பட்டை போய்விடும். பெடல் வண்டிக்கு முட்டி எப்படியோ, இதற்குத் தோள் அப்படி. கொடுத்த அளவிலேயே ஓட்டாமல் வெல்டிங் கடையில் சீட்டை முன்னே நகர்த்திக்கொள்வது நல்லது.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பதற்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெருநகரத்துக்கு இருப்பதைப்போல ஒரு கொள்கை ஊருக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கிராம சபையில் கேட்கக்கூடியவை சில உண்டு. பஸ் நிறுத்தத்தில் நிழலோடு சைக்கிள் நிறுத்துமிடம். இரும்புக் குழாயைத் தலைகீழ் ப வடிவில் 75, 80 செ.மீ. உயரத்தில் வளைத்து, ஒரு மீட்டருக்கு ஒன்றாகக் கான்கிரீட்டில் நட்டால் போதும், ஃபிரேமையே சங்கிலி போட்டுப் பூட்டலாம். பூங்கா, மருத்துவமனை, பாலத்து வழிகளில் பைக் நுழையாமல் இருக்க நடும் கம்பங்களுக்கு இடையே 1.2 மீட்டராவது விடச் சொல்லுங்கள். அதற்குக் குறைந்தால் மூன்று சக்கர வண்டிக்காரர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். படி உள்ள இடத்தில் சாய்தளம் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அரசுப் பள்ளி மைதானத்தில் வாரம் இரண்டு நாள் மாலை ஒரு மணி நேரம் பெண்கள் பழக விட வேண்டும். அதற்குத் தாழ்வான சீட் உள்ள 20 அங்குலச் சக்கர சைக்கிள் மூன்று நாலு, ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு 15 நம்பர் ஸ்பேனர் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். தீர்மானத்தில் சைக்கிளின் எண்ணிக்கையோடு சீட் உயரத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் 22 அங்குல பார் வண்டி வந்து இறங்கும்.